வெயில் படாத இடத்தில் வரும் புற்றுநோய்

கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கை வெறும் கற்பனையும் அல்ல. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 35 பேருக்கு மேல் வருகிறது. இந்தியாவில் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3,25,000 பேருக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. சுமார் 57,000 பேர் அதனால் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளைத் தோல் உடையவர்கள். ஆனால் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மெலனோமா வந்த வெள்ளையர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள். அதே நாட்டின் கறுப்பின நோயாளிகளில் அந்த எண்ணிக்கை எழுபதை ஒட்டியே நிற்கிறது. யாருக்கு அரிதாக வருகிறதோ அவர்களைத்தான் அது அதிகம் கொல்கிறது. வறுமை, மருத்துவ வசதிக் குறைவு எல்லாம் இதில் உண்டு. என்றாலும் முதன்மையான காரணம், நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுவதுதான். அந்தத் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு என்பது என் வாதம்: நமக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை உடம்பில் ஓர் இடத்தைக் காட்டுகிறது, நோய் வேறோர் இடத்தில் வருகிறது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நம் மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைச் செய்வது இவற்றின் வேலை. கறுப்பானவருக்கு இந்தச் செல்கள் அதிகம், சிவப்பானவருக்குக் குறைவு என்பதில்லை. எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். கறுத்த தோலில் அவை கூடுதலாக நிறமி செய்கின்றன, அவ்வளவே. அந்த நிறமி சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு செல்லின் மரபுப்பொருளைக் காக்கிறது. வெள்ளைத் தோலில் இந்தக் காப்பு குறைவு என்பதால் ஆண்டுக்கணக்கான வெயில், குறிப்பாகச் சிறுவயதில் தோல் கொப்பளிக்கும் அளவுக்குச் சுட்ட வெயில், செல்லின் மரபுப்பொருளைக் கெடுக்கிறது. அப்படிக் கெட்ட மெலனோசைட் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது அதுவே மெலனோமா. தோலில் வரும் மற்ற புற்றுநோய்கள் பெரும்பாலும் தோன்றிய இடத்தையே அரித்துக்கொண்டிருக்கும். இது அப்படியல்ல. அளவில் சிறிதாக இருக்கும்போதே கீழே இறங்கி, நிணநீரிலும் ரத்தத்திலும் கலந்து, நுரையீரல், கல்லீரல், மூளை வரை போய்விடக்கூடியது. தோல் புற்றுநோய்களில் மிகச் சிறு பங்கே மெலனோமா என்றாலும், சாவுகளில் பெரும்பங்கு அதனுடையது.

வெள்ளையர்கள் வாழும் நாடுகள் இதைச் சரியாகவே எதிர்கொண்டன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1981-ல் தொடங்கிய பிரசாரம் சட்டை போடு, சன்ஸ்கிரீன் தடவு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவைப் பொம்மையை வைத்துப் பாடியே ஒரு தலைமுறையின் பழக்கத்தை மாற்றியது. 1985-ல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் மச்சத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள்; ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் அது உலகம் முழுவதும் பரவியது. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லையா, ஓரம் பிசிறடிக்கிறதா, ஒரே மச்சத்தில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, நீலம் என்று நிறம் கலந்திருக்கிறதா, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலமா என்று பார்க்க வேண்டும். பின்னால் சேர்ந்த ‘இ’, மாற்றத்தைக் குறிப்பது. சில வாரங்களில், மாதங்களில் பெரிதாகிறதா, மேடாகிறதா, அரிக்கிறதா, ரத்தம் கசிகிறதா? என் கணிப்பில் ஐந்திலும் மதிப்பு மிக்கது இந்தக் கடைசிக் கேள்விதான். பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம் அப்படியே இருந்தால் கவலை வேண்டாம். உடம்பில் மற்ற எந்த மச்சத்தோடும் சேராமல் ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தாலோ, நடுவயதுக்குப் பிறகு புதிதாக ஒன்று முளைத்து வளர்ந்தாலோ காட்டிவிட வேண்டும். இது எந்த நிறத்தவருக்கும் பொருந்தும்.

ஆனால் இந்தப் பாடத்தை மட்டும் படித்த ஒருவர் முகம், கை, முதுகு என்று வெயில் படும் இடங்களையே பார்ப்பார். நம்மைப் போன்ற தோல் உடையவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் அங்கே வருவதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி இவைதான் அது அதிகம் தேர்ந்தெடுக்கும் இடங்கள். அவற்றிலும் உள்ளங்கால் முதலில். ஜப்பானிலும் சீனாவிலும் தோலில் வரும் மெலனோமாவில் ஏறத்தாழ பாதி இந்த வகை. இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளிலும் காலும் வாய், மூக்கு, மலக்குடல் போன்ற உள்பகுதிகளின் சவ்வுத்தோலுமே முன்னால் நிற்கின்றன. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் வகைக்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். இதற்கும் வெயிலுக்கும் தொடர்பு மிகக் குறைவு. 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மெலனோமாக் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டபோது இது தெளிவாகத் தெரிந்தது. வெயில் பட்ட தோலில் வந்த கட்டிகளில் புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் தழும்புகள் ஏராளமாக இருந்தன. அக்ரல் கட்டிகளில் அவை குறைவு, அதற்குப் பதிலாகக் குரோமோசோம்களே உடைந்து இடம்மாறிய கோலம் தெரிந்தது. ஏன் இப்படி ஆகிறது என்பது இன்னும் தீராத கேள்வி. உள்ளங்காலில் நோய் வந்த இடங்களைக் குறித்து 2016-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், குதிகால், முன்பாதம் என உடல் எடை விழும் இடங்களிலேயே கட்டிகள் கூடியிருந்தன. தரையில் அழுந்தாத உள்வளைவில் குறைவு. எடையும் அழுத்தமும்தான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. சன்ஸ்கிரீன் பூசி இந்த வகையைத் தடுக்க முடியாது என்பதும் இதிலிருந்து கிடைக்கும் செய்தி. மெல்பர்னிலும் சிட்னியிலும் குடியேறிய தமிழர்கள் அங்கே கேட்கும் எச்சரிக்கையோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளங்காலில் அது எப்படித் தோன்றும்? பெரும்பாலும் மை சிந்திய கறை போல, தட்டையான கறுப்பு அல்லது பழுப்புத் திட்டாகத் தொடங்கும். வலிக்காது. நடக்க இடைஞ்சல் இருக்காது. ஓரம் ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் மங்கியும் மெல்லப் பரவும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நடுவில் தடித்து, முடிச்சாகி, புண்ணாகும். தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற ஒளியூட்டிய உருப்பெருக்கியை அதன் மேல் வைத்துப் பார்க்கும்போது நுட்பமான ஒரு வேறுபாடு தெரியும். கைரேகை, கால்ரேகையில் மேடும் பள்ளமும் வரிவரியாக ஓடுகின்றன அல்லவா? சாதாரண மச்சத்தில் நிறமி பெரும்பாலும் பள்ளத்தில் கோடு போட்டிருக்கும். மெலனோமாவில் மேட்டின் மேல் படர்ந்திருக்கும். வியர்வைத் துளைகள் திறப்பது மேட்டில் என்பதால், வரிசையாகத் தெரியும் அந்தத் துளைகளை வைத்து எது மேடு என்று மருத்துவர் உறுதிசெய்துகொள்கிறார். ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்துச் சேர்த்த அறிவு இது. கத்தி வைக்காமலே சந்தேகத்தை அளக்க உதவுகிறது.

நகத்தில் வருவது வேறு மாதிரி. நகத்தின் வேரிலிருந்து நுனி வரை ஒரு கறுப்புக் கோடு ஓடும். இங்கே பதறாமல் இருப்பதும் முக்கியம்: நம் நிறத்தவருக்கு வயதாக ஆகப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் வருவது இயல்பு. ஒரே ஒரு நகத்தில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாக ஒரு கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால்தான் சந்தேகம் கொள்ள வேண்டும். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம், ஒழுங்கற்ற நிறம், நகம் பிளப்பது ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு படர்ந்தால் மிக அவசரம். 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜோனாதன் ஹட்சின்சனின் பெயரில் அந்த அடையாளம் இன்றும் வழங்குகிறது. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இந்த வகைதான். கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைக் கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்று எண்ணியிருந்தார்கள். 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட அவர் ஒப்பவில்லை. நகத்தையும் அதன் அடித்தோலையும் மட்டும் அகற்றினார்கள். நோய் மூளைக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவி 1981 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 36.

அடி பட்டது என்று அங்கே நினைத்ததற்கு இங்கே நம்மிடம் நூறு பெயர்கள் இருக்கின்றன. கால் ஆணி, மரு, நகச்சொத்தை, நகச்சுத்தி, சர்க்கரைப் புண். செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவருக்கு முள் குத்திய புண். எல்லாம் உண்மையில் வருபவைதான். நூறில் தொண்ணூற்றொன்பது முறை அவையேதான். ஆனால் கால் ஆணிக்கென்று பிளாஸ்திரி ஒட்டி, பிளேடால் சீவி, மருவுக்குத் தலைமுடி கட்டி, சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைத்துச் சுட்டு, ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் களிம்பு மாற்றிக்கொண்டே போகும்போது, நோய்க்கு நாமே கால அவகாசம் கொடுக்கிறோம். மேலே சுட்ட இடம் பொருக்குத் தட்டி ஆறியது போல் தெரியும், அடியில் அது இறங்கிக்கொண்டிருக்கும். கட்டி எப்போதும் கறுப்பாகவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். உள்ளங்காலில் நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாக, கசியும் சதை போல வருவதும் உண்டு. மருத்துவரையே ஏமாற்றுவது அதுதான். தொடை இடுக்கில் நெறி கட்டினால் காலில் ஏதோ புண் என்று விட்டுவிடுவது நம் வழக்கம். அந்தப் புண் ஆறாமல் நெறியும் வற்றாமல் இருந்தால் அது நோய் பரவியதன் அறிகுறியாக இருக்கலாம். மலக்குடலில் வரும் மெலனோமா ரத்தப்போக்காகத் தொடங்குவதால் மூலம் என்றே பெயர் பெற்று, மூலத்துக்கான வைத்தியத்திலேயே காலம் போய்விடுகிறது. வாயின் மேலண்ணத்திலோ ஈறிலோ ஒரு பக்கம் மட்டும் புதிதாகக் கறுத்த திட்டு வந்தால் பல் மருத்துவரிடமாவது காட்ட வேண்டும்; ஈறு முழுவதும் சீராகக் கறுத்திருப்பது நம் நிறத்துக்கு உரியது.

தாமதம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இந்த நோயில் ஆயுளை முடிவு செய்வது மில்லிமீட்டர். அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டி எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதே நோயாளியின் கதியைச் சொல்கிறது என்று காட்டினார். அவர் பார்த்த நோயாளிகளில் 0.76 மில்லிமீட்டரைவிட மெல்லிய கட்டி யாருக்கும் பரவவில்லை. சட்டைப்பையில் வைத்திருக்கும் ஏ.டி.எம். கார்டின் கனம் அவ்வளவுதான். இன்றும் நோயின் நிலையைப் பிரிப்பது இந்த ஆழத்தைக் கொண்டே: ஒரு மில்லிமீட்டர் வரை, இரண்டு வரை, நான்கு வரை, அதற்கு மேல். பயாப்சி எனப்படும் சதைச் சோதனையின் அறிக்கையில் பிரெஸ்லோ ஆழம் என்று ஓர் எண் இருக்கும். நோயாளியும் குடும்பத்தாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எண் அது. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, தோன்றிய இடத்தைத் தாண்டாத மெலனோமாவில் ஏறக்குறைய எல்லோருமே ஐந்தாண்டு கடக்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு, இன்றைய மருந்துகளோடும், மூன்றில் ஒருவர்தான்.

மெல்லிய நிலையில் சிகிச்சையும் எளிது. கட்டியை அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி எடுப்பார்கள்; ஆழம் கூடினால் இரண்டு சென்டிமீட்டர். உள்ளங்காலில் தையல் போட இடம் போதாதென்றால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். நகத்தடியில் ஆழமாக இறங்கியிருந்தால் விரலின் ஒரு பகுதியை எடுக்க நேரலாம். கட்டி ஓரளவு ஆழமானது என்றால், அந்த இடத்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவைச் சாயமும் கதிரியக்க மருந்தும் செலுத்திக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். முன்பு அந்தக் கணுவில் நோய் தெரிந்தால் அப்பகுதிக் கணுக்கள் அனைத்தையும் களைவது வழக்கம். அப்படிச் செய்வதால் ஆயுள் கூடவில்லை என்று 2017-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. கணுக்களைக் களைந்த பிறகு வாழ்நாள் முழுக்க வீங்கிய காலோடு நடக்க வேண்டிய நிலை இதனால் பலருக்குத் தவிர்ந்திருக்கிறது.

இங்கேதான் நம் ஊரில் பலமாக ஒலிக்கும் மறுப்பு வருகிறது: கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும். படித்தவர்களும் சொல்லக் கேட்கலாம். இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. முற்றிய நிலையில் வந்தவருக்கு அறுவை செய்து, ஏற்கெனவே பரவியிருந்த நோய் சில மாதத்தில் வெளிப்பட்டால், பார்க்கிறவர்களுக்குக் கத்திதான் காரணமாகத் தெரியும். ஆனால் மெலனோமாவில் துணுக்கு எடுத்துச் சோதித்தவர்களையும் முழுக்கட்டியை எடுத்துச் சோதித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், துணுக்கு எடுத்ததால் ஆயுள் குறைந்ததாகக் காட்டவில்லை. முடிந்தவரை முழுவதையும் ஒரே துண்டாக எடுப்பது நல்லது, ஏனென்றால் அப்போதுதான் ஆழம் சரியாகத் தெரியும். இடம் பெரிது, உள்ளங்கால் என்றால் மிகக் கறுத்த அல்லது மேடான இடத்தில் ஒரு துணுக்கு எடுப்பதும் ஏற்கப்பட்ட முறையே. தவறு எதுவென்றால், மரு என்று எண்ணிச் சுட்டுவிடுவதும், வெட்டியெடுத்ததைச் சோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவதும். காலிலிருந்து எதை வெட்டினாலும் அது சோதனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு மறுப்பு கேட்க இனிமையானது: இப்போது புது மருந்துகள் வந்துவிட்டனவே? வந்திருக்கின்றன, அது மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. 2010 வரை பரவிய மெலனோமா உள்ளவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டவில்லை. புற்றுநோய் செல்கள் நம் நோயெதிர்ப்பு செல்களை அமைதிப்படுத்தித் தப்பிக்கின்றன. அந்தத் தடையை நீக்கினால் உடம்பே கட்டியைத் தாக்கும் என்பதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழியில் செயல்படும் மருந்துகளில் இபிலிமுமாப் 2011-லும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துப் பெற்ற முற்றிய நோயாளிகளில் 43 சதவீதத்தினர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு தெரிவிக்கிறது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்டருக்கு 2015-ல், தொண்ணூறு வயதில், கல்லீரலிலும் மூளையிலும் மெலனோமா பரவியிருந்தது. அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் ஆகியவற்றுக்குப் பிறகு நோய் தெரியாமல் போனது. நூறு வயது வரை வாழ்ந்தார். பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள கட்டிகளுக்கு மாத்திரைகளும் உண்டு.

ஆனால் இந்த நல்ல கணக்குகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் வெயிலால் வந்த மெலனோமாவின் கணக்குகள். வெயில் அந்தச் செல்களில் எண்ணற்ற மாற்றங்களை உண்டாக்கியிருப்பதால், எதிர்ப்பு செல்கள் அவற்றை அந்நியம் என்று எளிதில் கண்டுகொள்கின்றன. உள்ளங்கால் மெலனோமாவில் அத்தகைய மாற்றங்கள் குறைவு. ஆகவே அதே மருந்து அங்கே குறைவாகவே பலிக்கிறது. பிராஃப் மாற்றமும் அதில் குறைவு. கிட் என்ற மரபணு மாறிய சிலருக்கு இமாட்டினிப் மாத்திரை உதவுகிறது, அவ்வளவுதான். நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளின் விலையோ பல லட்சம். குடலையும் கல்லீரலையும் தைராய்டையும் நம் எதிர்ப்பு செல்களே தாக்கும் பக்கவிளைவும் உண்டு. ஆகவே மருந்தை நம்பித் தாமதிக்க நமக்கு மற்றவர்களைவிடக் காரணம் குறைவு. நம் வகை மெலனோமாவுக்குச் சீக்கிரம் வெட்டி எடுப்பதே இன்றும் மிகச் சிறந்த மருந்து.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இனிமேல்தான். இவ்வளவு அரிதான நோய்க்காக மக்களை ஏன் பயமுறுத்த வேண்டும்? வாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் கர்ப்பப்பை வாய்ப் புற்றும் அல்லவா நம் சுமை? அதோடு, அதிகம் தேடினால் தீங்கில்லாததும் கிடைக்கும். அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளில் மெலனோமா கண்டுபிடிப்பு ஆறு மடங்கு கூடியது. சாவோ அதற்கேற்ப மாறவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத பல மச்சங்களும் புற்று என்று பெயர் பெற்றிருக்கின்றன என்பதற்கு இது சான்று. அறிகுறி இல்லாதவர்களுக்குத் தோல் பரிசோதனை செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு அங்குள்ள தடுப்பு மருத்துவக் குழு 2023-ல், ஆதாரம் போதவில்லை என்றே சொன்னது. இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஊர் ஊராக முகாம் போட்டு மச்சம் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. அங்கே சிக்கல், நல்ல தோலில் அளவுக்கு மீறித் தேடுவது. இங்கே, கண்ணெதிரே இருக்கும் ஆறாத புண்ணுக்குப் பெயர் தேடாமல் இருப்பது. ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதற்குப் பொருந்தாது. நோய் அரிது என்பதால் ஒரு பொது மருத்துவர் தன் வாழ்நாளில் ஓரிரண்டு பேரையே பார்த்திருப்பார்; ஒருவரைக்கூடப் பார்க்காமலும் இருக்கலாம். ஆகவே சந்தேகத்தை எழுப்பும் பொறுப்பில் ஒரு பங்கு நோயாளிக்கு வந்து சேர்கிறது.

அதற்குப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், எட்டாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் ஏற்கெனவே சொல்லிவருகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார்கள். அப்போது அவர்கள் நினைவூட்டக்கூடிய அந்தப் பாதப் பரிசோதனையில் வெடிப்பு, கொப்புளம், மரத்துப்போவது ஆகியவற்றோடு புதிதாக வந்த கறுப்புத் திட்டையும், ஒற்றை நகத்தின் கறுப்புக் கோட்டையும் சேர்த்துவிட்டால் போதும். விரல் இடுக்கையும் விட்டுவிடக் கூடாது. சந்தேகமானால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடலாம். வளர்ந்திருந்தால், மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள சான்று இல்லை. ஏற்கெனவே புண்ணாகிவிட்டது, ரத்தம் கசிகிறது என்றால் அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம். கொடுத்த சிகிச்சையில் நான்கு, ஆறு வாரத்தில் புண் ஆறவில்லை என்றால், அடுத்த களிம்பை எழுதுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: “டாக்டர், இதுல கொஞ்சம் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பிப் பார்த்துடலாமா?”